25,767 ரூபாய்க்கு ஒரு "நல்லா இருக்கு"

மே மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. சென்னையில் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் கடலுணவு ரெஸ்டாரண்டில் நான்கு பேர் சாப்பிட்டோம். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாள். கார்டில் போனது 21,767 ரூபாய். டேபிள் முன்பதிவுக்கென்று ஏற்கெனவே கட்டியிருந்த 4,000 தனி. இவ்வளவுக்கும் கிடைத்தது மாவாகிப்போன சிங்கி இறால் (லாப்ஸ்டர்), காய்ந்த மீன், உப்புமா மாதிரி நின்ற ரிசாட்டோ என்ற இத்தாலிய அரிசிப் பண்டம். தப்பில் பாதி அந்த அடுப்படியினுடையது. மீதிப் பாதி, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் கூச்சத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த எங்களுடையது. பெரிய ஓட்டல்களில் தப்பு நடந்தால் திருத்துவதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாடு பில் முடியும்வரைதான் சுலபமாக ஓடும். இதை முன்னாலேயே யாராவது காதில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், எங்கே எதைச் செய்திருக்கலாம் என்பதையும் அங்கங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சறுக்கல் முன்பதிவிலேயே ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவு எட்டரை மணி. ஊரில் பாதிப் பேர் கேட்கும் நேரம் அதுதான். எட்டேகாலிலிருந்து ஒன்பதுக்குள் டேபிள்கள் எல்லாம் நிறைந்துவிடும், எல்லா ஆர்டரும் ஒரே அரைமணி நேரத்தில் உள்ளே போய் விழும். கிரில் அடுப்பின் அகலம் கூடப்போவதில்லை, அதன் முன்னால் நிற்பவர்களும் ஒருவரோ இருவரோதான். அதே ரெஸ்டாரண்டில் ஏழேகாலுக்கு உட்கார்ந்தால் முதல் ஆர்டர்களில் ஒன்றாக உங்களுடையது போகும். செவ்வாய், புதன் என்றால் இன்னும் நல்லது. கல்யாண நாளை நகர்த்த முடியாது, ஆனால் சாப்பாட்டை நகர்த்தலாமே என்று அப்போது தோன்றவில்லை. முன்பதிவு செய்யும்போது போனில் ஐந்து விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: டேபிளை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், முன்பணம் உண்டா, அது பில்லில் கழியுமா, சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்களா, ஜி.எஸ்.டி. 5 சதவீதமா 18 சதவீதமா. முன்பணம் கட்டினால் அந்த ரசீதின் எண்ணை ஓட்டலுக்குள் நுழையும்போதே கேப்டனிடம் (ஆர்டர் எடுத்து டேபிளைக் கவனிப்பவர்) காட்டி, "இது பில்லில் கழியணும்" என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் காட்டவில்லை. தலைக்கு 1,000 வீதம் நான்காயிரம் ஆப் வழியாகப் போயிருந்தது, அன்றைய பில்லில் அந்தத் தொகை எங்குமே கழிபடவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஜி.எஸ்.டி. விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாந்த மாதிரி உணர்வது இங்கேதான். தனியாக இயங்கும் ரெஸ்டாரண்டில் உணவுக்கு 5 சதவீதம். ஆனால் ரெஸ்டாரண்ட் ஓர் ஓட்டலுக்குள் இருந்து, அந்த ஓட்டலில் ஏதாவது ஓர் அறைக்கு முந்தைய நிதியாண்டில் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தால் 18 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் கணக்கு இப்படித்தான். நீங்கள் அறை எடுத்தீர்களா இல்லையா என்பது பொருட்டே இல்லை. எனவே 18 போட்டிருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், ஐந்து நட்சத்திர ஓட்டலில் அது சரியான வரிதான். மது வாங்கியிருந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநிலத்தின் வாட் வரி மட்டும். மதுவின் மேலும் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கேட்கலாம். மெனுவில் அச்சடித்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் 18 சதவீத வரியும் சேர்ந்தால் மெனு விலையை 1.3-ஆல் பெருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் பண்டம் 1,300 ரூபாய். மனதில் இந்த ஒரு பெருக்கல் இருந்தால் ஆர்டர் செய்யும்போதே கை தானாக நிதானிக்கும்.

அப்பா வேட்டி கட்டி வந்திருந்தார். வாசலில் நின்ற பையன் ஒரு நொடி தயங்கிப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். 2014-ல் ஒரு கிளப்பில் வேட்டிக்காரர்களை உள்ளே விடாத சர்ச்சைக்குப் பிறகு, வேட்டியைக் காரணம் காட்டி நுழைவை மறுக்கக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டமே இயற்றிய ஊர் இது. வேட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். செருப்பு விஷயத்தில் சில இடங்கள் கறாராக இருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டரைக்குச் சொன்ன டேபிள் எட்டு ஐம்பதுக்குக் கிடைத்தது. உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "ஸ்டில்லா, ஸ்பார்க்லிங்கா சார்?" பாட்டில் தண்ணீர் சாதாவா, வாயு ஏற்றியதா என்று அர்த்தம். இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒலிக்கும். மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது: "சாதா தண்ணி குடுங்க, ஃபில்டர் தண்ணி போதும்." நாங்கள் அதைச் சொல்லவில்லை. பாட்டில் 350 ரூபாய், கிளாஸ் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், மொத்தம் மூன்று பாட்டில், 1,050 ரூபாய். எம்.ஆர்.பி.-க்கு மேல் விற்கலாமா என்று வாதாட இடமில்லை. ரெஸ்டாரண்டில் உட்காரவைத்துப் பரிமாறும்போது பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.-க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. பாட்டில் தண்ணீர்தான் வேண்டுமென்றால், "அடுத்த பாட்டில் திறக்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத் திறங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இனி சிங்கி இறால். பணமும் மனமும் அதிகம் வெந்தது இங்கேதான். கேப்டன் மெனுவை மூடிவைத்துவிட்டு, "இன்னைக்கு லாப்ஸ்டர் ரொம்ப ஃப்ரெஷ் சார், நூறு கிராம் 650 தான்" என்றார். 650 என்ற எண் காதில் நின்றுவிட்டது, நூறு கிராம் நழுவிவிட்டது. வந்தது 780 கிராம். 5,070 ரூபாய். சர்வீஸ் சார்ஜும் வரியும் சேர்ந்து 6,581. நம் கடற்கரையில் பிடிபடும் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, சதை பெரும்பாலும் வாலில்தான். முழு எடையில் மூன்றில் ஒரு பங்கு சதை தேறினால் அதிர்ஷ்டம், மற்றதெல்லாம் ஓடும் தலையும் காலும். அதாவது எங்களுக்குச் சாப்பிடக் கிடைத்தது ஏறத்தாழ கால் கிலோ. அந்தக் கணக்கில் நூறு கிராம் சதை 2,600 ரூபாய்க்கு மேல். எடைக்கு விற்கும் எதையும் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: முழு எடைக்கா சதை எடைக்கா விலை, இது எத்தனை கிராம், ஆக மொத்தம் எவ்வளவு ரூபாய். பிறகு, சமைக்கும் முன் டேபிளுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், எடையை ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல இடங்களில் கேட்காமலே காட்டுவார்கள். மெனுவில் "மார்க்கெட் விலை" என்று மட்டும் போட்டிருந்தாலும் இதே விசாரணைதான்.

"ரொம்ப ஃப்ரெஷ்" என்பதைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் புது மீன் வரத்தான் செய்யும், ஆனால் வரத்து குறைவு, விலை கூடுதல், ஃப்ரீசர் சரக்கு கலப்பது சகஜம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்கும், ஆகவே மே மாதத்தில் கேரளப் பக்கச் சரக்கும் இங்கே வரும். இந்த நாட்களில், "இன்னைக்கு வந்ததா, ஃப்ரோசனா?" என்று நேராகக் கேளுங்கள். ஃப்ரோசன் என்பது குற்றமில்லை, ஃப்ரெஷ் விலைக்கு ஃப்ரோசன் என்றால்தான் கோபம் வரும். கொடுவா பண்ணையிலும் வளர்கிறது, தடைக்காலத்தில் அது நம்பகமான தேர்வு. மெனுவில் "இந்தியன் சால்மன்" என்று பார்த்தால் அது நம்ம காலா மீன், நார்வே சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை. மீனின் பெயரே சொல்லாமல் வெறும் "ஃபிஷ் ஃபில்லே" என்றிருந்தால் பாசா என்ற மலிவான பண்ணை மீனாக இருக்க நிறைய வாய்ப்பு. இதெல்லாம் கேட்கக் கூடிய கேள்விகள்தான், கேட்டால் யாரும் உங்களைப் பட்டிக்காட்டான் என்று நினைக்க மாட்டார்கள். நினைத்தால்தான் என்ன.

ஒன்பது ஐந்துக்கு ஆர்டர் கொடுத்தோம். சூப் ஒன்பது இருபதுக்கு, ஸ்டார்ட்டர் ஒன்பது முப்பத்தைந்துக்கு. இதுவரை குறையில்லை, இறால் ஸ்டார்ட்டர் நன்றாகவே இருந்தது. ஸ்டார்ட்டர் தட்டுகளை எடுத்துப் போனபோது ஒன்பது ஐம்பது. பிறகு ஒன்றும் வரவில்லை. மெயின் கோர்ஸ் வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. நாற்பத்தைந்து நிமிடம். அப்பாவுக்குச் சர்க்கரை, அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து மேசைக்கடியில் வைத்துத் தின்றார். அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த இடைவெளி ஏன் விழுகிறது என்பதற்குப் பின்னால் ஓட்டல்காரர்களின் ஒரு வழக்கம் இருக்கிறது. கேப்டன் எழுதும் சீட்டை கே.ஓ.டி. என்பார்கள். அதில் ஸ்டார்ட்டர், மெயின் எல்லாம் சேர்ந்தே உள்ளே போகும், ஆனால் மெயின் கோர்ஸ் "ஹோல்டு"-இல் நிற்கும். ஸ்டார்ட்டர் தட்டுகள் காலியானதைப் பார்த்து கேப்டன் "ஃபயர்" என்று சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும். சனிக்கிழமைக் கூட்டத்தில் கேப்டன் அதைச் சொல்ல மறந்தால், நீங்கள் காத்திருப்பீர்கள், அடுப்படியும் உங்களுக்காகக் காத்திருக்கும். தட்டு எடுத்ததிலிருந்து பதினைந்து இருபது நிமிடம் சகஜம். இருபத்தைந்தைத் தொட்டால் கையைத் தூக்கி, "எங்க மெயின் கோர்ஸ் ஃபயர் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். "லேட்டாகுதே" என்றால் "ஃபைவ் மினிட்ஸ் சார்" என்ற பதில்தான் வரும். ஃபயர் என்ற வார்த்தையைப் போட்டால் அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும். சர்க்கரை உள்ளவர்கள், குழந்தைகள் கூட இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே அவர்களுடையதை மட்டும் முதலில் கொண்டுவரச் சொல்லலாம், மறுக்க மாட்டார்கள்.

ஒருவழியாகத் தட்டுகள் வந்தன. அப்பாவின் கொடுவா கிரில், 1,950 ரூபாய். தட்டு கை வைக்க முடியாமல் சுட்டது, மீன் வெதுவெதுப்புதான், ஊற்றியிருந்த சாஸின் மேல் பாலாடை மாதிரி ஆடை படிந்திருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பண்டம் தயாராகி, சூடு விளக்கின் கீழ் நெடுநேரம் காத்திருந்தது என்று அர்த்தம். ஒரு டேபிளின் எல்லாத் தட்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது விதி. மீன் துண்டு பத்து நிமிடத்தில் வெந்துவிடும், சிங்கி இறால் இன்னும் ஆகவில்லை என்றால் மீன் நிற்க வேண்டியதுதான். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு மூன்று நான்கு டிகிரி ஏறிக்கொண்டே போகும். 55 டிகிரி வாக்கில் ஈரமாக இதழ் இதழாகப் பிரிய வேண்டிய மீன், 65-ஐத் தாண்டினால் பஞ்சாகிவிடும். அப்பா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார், அதுவும் 350 ரூபாய் தண்ணீர்.

அம்மா சைவம். அவருக்குக் காளான் ரிசாட்டோ, 1,450 ரூபாய். "இது என்னடா, பொங்கலா உப்புமாவா?" என்றார். சரியான கேள்வி. ரிசாட்டோ என்பது தட்டில் ஊற்றினால் மெதுவாகப் பரவ வேண்டிய பண்டம், தட்டின் அடியில் லேசாகத் தட்டினால் அலை மாதிரி அசைய வேண்டும். அர்போரியோ அரிசியை முதலிலிருந்து கிண்டினால் பதினெட்டு இருபது நிமிடம் ஆகும். பெரும்பாலான ஓட்டல்கள் கூட்ட நேரத்தில் அப்படிச் செய்வதில்லை. முக்கால் வேக்காட்டில் எடுத்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் ஸ்டாக் (காய்கறியோ இறைச்சியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றி ஏழெட்டு நிமிடத்தில் முடிப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் முடித்த பிறகு ஐந்து நிமிடம் நின்றால் கூட அரிசி மிச்ச ஈரத்தையும் குடித்துவிட்டு இறுகிவிடும். கரண்டியை நட்டால் நிற்கும். அம்மா தட்டில் நின்றது. மேலே தெளித்திருந்த ட்ரஃபிள் எண்ணெயின் வாசம் வேறு, கேஸ் கசிகிற மாதிரி. பெரும்பாலான ட்ரஃபிள் எண்ணெயில் ட்ரஃபிள் காளானே இருக்காது, 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை வாசனைப் பொருளை எண்ணெயில் கலந்ததுதான். மெனுவில் "ட்ரஃபிள் ஆயில்", "ட்ரஃபிள் ஃப்ளேவர்" என்றிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சைவக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ரிசாட்டோவுக்கும் சூப்புக்கும் ஊற்றுவது காய்கறி ஸ்டாக்கா, சிக்கன் ஸ்டாக்கா. பச்சைப் புள்ளி போட்டிருந்தாலும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்பதில் நஷ்டமில்லை.

சிங்கி இறாலைக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் அன்று எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. வாலின் நுனி சரியாக இருந்தது. தலையை ஒட்டிய தடித்த பகுதி முள்கரண்டி பட்டதும் மாவாக உதிர்ந்தது. சிங்கி இறாலில் இரண்டு விதக் கோளாறு வரும். ரப்பர் மாதிரி இழுத்தால் அதிகம் வெந்துவிட்டது, அது சமையல் தப்பு. மாவாக உதிர்ந்தால், செத்த பிறகு உடனே வாலைப் பிரிக்காமலோ குளிர்விடாமலோ வைத்திருந்தார்கள். தலைக்குள் இருக்கும் செரிமான நொதிகள் கசிந்து சதையைக் கரைக்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் தலைப்பக்கம் முதலில் கெடும். அது சரக்குத் தப்பு. திரும்பச் சமைத்தாலும் சரியாகாது. "ஃப்ரெஷ்" என்று சொல்லி விற்றதற்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியைத்தான் நாங்கள் பாதிக்கு மேல் தின்றுவிட்டோம்.

பத்தே முக்காலுக்குக் கேப்டன் வந்து குனிந்து, "எல்லாம் ஓகேவா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "விடுப்பா, நல்ல நாளும் அதுவுமா" என்று கையைப் பிடித்தார். "நல்லா இருக்கு" என்றேன். இருபத்தோராயிரம் ரூபாய் பில்லில் மிக விலை உயர்ந்த வரி அதுதான். அந்தக் கேள்வி மரியாதைக்குக் கேட்பது என்று நினைக்கிறோம். உண்மையில் பண்டத்தைத் திருப்பி அனுப்புவதற்கான நேரம் அதுதான், அவர்கள் ஏற்பாட்டில் அதற்கென்றே அந்தக் கேள்வி இருக்கிறது. இரண்டு மூன்று வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். பாதித் தட்டு காலியான பிறகு சொன்னால் அவர்கள் பார்வையில் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள்.

எப்படிச் சொல்வது என்பதிலும் சூட்சுமம் உண்டு. "நல்லா இல்லை" என்பது கருத்து, அதற்கு அவர்கள் சிரித்துக்கொண்டே ஸாரி சொல்வார்கள். "மீன் ஆறியிருக்கு, சாஸ்ல ஆடை படிஞ்சிருக்கு", "அரிசி கட்டியாயிடுச்சு", "தலைப்பக்கச் சதை மாவா உதிருது" என்பவை கண்ணால் பார்க்கக் கூடிய கோளாறுகள். கேப்டன் தட்டை உள்ளே எடுத்துப் போய்ச் செஃப்பிடம் காட்டினால் அவரும் அதையே பார்ப்பார். காரம் போதவில்லை, அளவு சின்னது என்பதெல்லாம் கோளாறில் சேராது, அதற்குப் பணம் திரும்பக் கேட்பது நியாயமும் இல்லை. சொன்ன பிறகு மூன்று வழி: திரும்பச் சமைப்பது, வேறு பண்டம், பில்லிலிருந்து எடுப்பது. எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். மீனுக்குத் திரும்பச் சமைக்கச் சொல்லலாம், பன்னிரண்டு நிமிடத்தில் வரும். மற்றவர்கள் பாதி சாப்பிட்டாகிவிட்டது என்றால் திரும்பச் சமைத்து வந்து என்ன பயன், எடுத்துவிடச் சொல்லிவிட்டு இருப்பதைப் பகிர்ந்துகொள்வது மேல். சரக்கே கெட்டிருந்தால் திரும்பச் சமைப்பதை ஏற்கவே கூடாது. முக்கியமாக, "இதை பில்லுல இருந்து எடுத்துடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தட்டைத் திருப்பிக் கொடுத்ததாலேயே காசு குறைந்துவிடாது, கே.ஓ.டி.யில் அதை மேனேஜர் ரத்து செய்தால்தான் குறையும். தட்டு போவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஷ் போடாமல், ரகளை பண்ணாமல்.

பதினொன்று இருபதுக்கு பில் வந்தது. உணவும் தண்ணீரும் 16,770. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 1,677. இரண்டையும் கூட்டிய 18,447-க்கு ஜி.எஸ்.டி. 3,320. மொத்தம் 21,767. "சர்வீஸ் சார்ஜ் எங்க பாலிசி சார், மெனுவிலயே போட்டிருக்கோம்" என்றார்கள், கொடுத்துவிட்டு வந்தோம். கொடுத்திருக்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் போட்ட வழிகாட்டுதல்படி சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்க மாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது, பில்லோடு கூட்டி அதன்மேல் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. ஓட்டல் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின, 2025 மார்ச் 28-ல் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்து மனுக்களைத் தள்ளுபடி செய்தது. "பாலிசி" என்று சொன்னால், "2022 வழிகாட்டுதல்படி எடுத்துட்டு புது பில் குடுங்க" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டாவது முறை சொல்லும்போது எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வரியோடு சேர்த்து 1,979 ரூபாய் மிஞ்சியிருக்கும். பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையில் நேராகக் கொடுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை.

கார்டைத் தேய்ப்பதற்கு முன் பில்லை வரி வரியாகப் படியுங்கள்: முன்பணம் கழிந்திருக்கிறதா, பாட்டில் எண்ணிக்கை சரியா, எடைக்கு விற்றதன் கிராம் போட்டிருக்கிறதா, ஓட்டலின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா. பணம் கட்டும்வரை மேனேஜர் ஒரு பொத்தானில் திருத்திவிடலாம். கட்டிய பிறகு, அதுவும் இரவுக் கணக்கு முடிக்கும் நைட் ஆடிட் ஆன பிறகு, அது வரிக் கணக்கில் ஏறிய பில். திருத்த வேண்டுமென்றால் கிரெடிட் நோட், ஒப்புதல், வங்கி ரீஃபண்ட் என்று நாட்கள் ஓடும்.

எங்களுக்கு ஓடியது பதினொரு நாள். மறுநாள் காலை ரெஸ்டாரண்ட் மேனேஜருக்கும் ஓட்டலின் ஜெனரல் மேனேஜருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். முதலில் எழுதியது இரண்டு பக்கப் புலம்பல், அதை அழித்துவிட்டுப் பத்து வரியில் எழுதினேன்: தேதி, டேபிள் எண், பில் எண், ஆர்டர் கொடுத்த நேரம், மெயின் வந்த நேரம், மூன்று பண்டத்தின் கோளாறு ஒவ்வொரு வரியில், கழிக்காத முன்பணத்தின் ரசீது எண், கடைசியாக என்ன வேண்டும் என்பது ரூபாயில். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் தகுந்த மன்னிப்புக் கடிதம் வரும். தொகையைச் சொன்னால்தான் தொகையைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. முன்பணம் 4,000 உடனே ஒத்துக்கொண்டார்கள். சர்வீஸ் சார்ஜுக்கு இழுத்தார்கள், 1915-க்குப் போகிறேன் என்றதும் அதுவும் ஒத்துக்கொள்ளப்பட்டது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அங்கே பதியும் புகாரை நிறுவனத்துக்கே அனுப்பிச் சமரசம் பார்ப்பார்கள். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் பதியலாம். சாப்பாட்டில் புழு, பூச்சி, வயிற்றுக் கோளாறு என்றால் அது உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை, ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அந்த 14 இலக்க எண்ணைப் போட்டுப் புகார் செய்யலாம்.

சிங்கி இறாலுக்கு மட்டும் ஒன்றும் பெயரவில்லை. "அன்னைக்கு நீங்க நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க சார், கேப்டன் லாக் புக்ல எழுதியிருக்காரே" என்றார் மேனேஜர், மிகவும் பணிவாக. எதிர்த்துச் சொல்ல என்னிடம் போட்டோகூட இல்லை. பதிலாக 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று அனுப்பினார்கள். கூப்பன் வந்தால் நான்கு விஷயம் பாருங்கள்: எந்தத் தேதி வரை, குறைந்தபட்சம் எவ்வளவு சாப்பிட வேண்டும், எந்தக் கிழமை செல்லாது, வேறொருவருக்குக் கொடுக்கலாமா. எங்கள் கூப்பன் பத்தாயிரத்துக்கு மேல் சாப்பிட்டால் செல்லும், வெள்ளி சனி ஞாயிறு செல்லாது. அம்மா அதை மளிகைச் சீட்டு எழுத எடுத்துக்கொண்டார், பின்பக்கம் வெறுமையாக, வழவழப்பாக நல்ல தாள்.